பாதியில் நின்ற வசதியை முடிக்க ஆள் சேர்ப்பது எப்படி: கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், பிறகு கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் துணியோடு ஒரு சலான் போகும். எத்தனை கிலோ, என்ன கலர், எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சலான் இல்லாமல் துணியை மட்டும் இறக்கிவிட்டுப் போனால் யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள்.

பாதியில் நின்ற மென்பொருள் வசதிகள் பெரும்பாலும் அப்படிச் சலான் இல்லாமல் இறக்கிவைத்த துணிதான். "உதவி தேவை" என்று லேபிள் ஒட்டி ஒரு வருடம் ஆகியிருக்கும். யாரும் வரவில்லை என்றதும், நம் பக்கம் பங்களிக்க ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். வருகிறவர் கையில் எடுத்துக்கொண்டு போக ஒரு துண்டு வேலையாவது பிரித்து வைத்திருந்தோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வழிமுறையைத் தெளிவாகச் சொல்ல ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டு மஞ்சள் கடைக்கும் பொள்ளாச்சித் தேங்காய்க் களத்துக்கும் உதவக்கூடிய ஒரு கட்டற்ற (எவரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய) பில்லிங் மென்பொருள், பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. தெர்மல் பிரின்டரில் தமிழில் பில் அடிக்கும் வசதியை ஒருவர் தொடங்கினார். புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) எண் 412, மாற்றம் 2,300 வரி, 14 மாதமாக அசைவில்லை. இதை எப்படி முடிப்பது?

எங்கே நின்றது என்று பாருங்கள்

ஆள் தேடும் முன் அந்தப் புல் ரிக்வெஸ்ட்டின் உரையாடலை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். கடைசியாகப் பேசியவர் யார்? எழுதியவர் கேள்வி கேட்டு, மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) பதில் சொல்லாமல் நின்றிருந்தால் அங்கே குறைவது ரிவ்யூ செய்கிறவர், அதாவது வந்த மாற்றத்தைப் படித்துச் சரிபார்ப்பவர். புதிதாகப் பத்துப் பேரைச் சேர்த்தால் பதில் கிடைக்காத கேள்விகள் பத்து மடங்காகும், அவ்வளவுதான். மெயின்டெய்னர் திருத்தம் கேட்டு, எழுதியவர் காணாமல் போயிருந்தால் அது கைமாற வேண்டிய வேலை. இருவரும் பேசிப் பேசி ஓய்ந்திருந்தால் ஏதோ ஒரு முடிவு தொங்குகிறது. யாரிடமும் சோதிக்கக் கருவி இல்லாமல் நின்றிருந்தால், பிரின்டர் இல்லாதவரும் வேலை செய்ய வழி வேண்டும்.

நான்கு காரணமும் கலந்தே இருக்கும். ஆனாலும் முதலில் எது அடைத்தது என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அந்த வரியை எழுத முடியாத வரை அழைப்பு விட வேண்டாம்.

ரிவ்யூ செய்ய வாரத்துக்கு 3 மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய ஒருவர் திட்டத்தில் இருக்கிறாரா என்பதையும் இப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் முதலில் தேட வேண்டியது அந்த ஒருவரைத்தான்.

தொடங்கியவரைக் கேளுங்கள்

கேட்காமல் எடுத்துச் செய்ய உரிமம் இடம் கொடுக்கும். இருந்தாலும் கேட்பதுதான் முறை. உரையாடலிலேயே சுருக்கமாக எழுதுங்கள்:

"வணக்கமுங்க. நீங்க ஆரம்பிச்சு வெச்ச தமிழ் பில் வேலையை முடிக்கலாம்னு இருக்கோமுங்க. நீங்களே தொடர நேரம் இருந்தா ரொம்ப சந்தோசம். இல்லீனா உங்க கமிட்டு, உங்க பேரு எல்லாம் அப்படியே வெச்சு மேல செய்யறோமுங்க. எந்த இடத்துல சிக்கிக்கிச்சுன்னு ஒரு வரி சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். ரெண்டு வாரம் பார்த்துட்டு ஆரம்பிக்கறோமுங்க."

கெடு சொல்வது மரியாதைக் குறைவாகாது. கெடு இல்லாத கேள்வி இன்னொரு 14 மாதம் அப்படியே கிடக்கும். எந்த இடத்தில் சிக்கியது என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு வரும் ஒரு வரிப் பதில் நாலு நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

பழைய பிராஞ்சை மீட்பது

தொடங்கியவர் தன் ஃபோர்க்கை (திட்டத்தின் தன் நகலை) அழித்திருந்தாலும், திட்டம் இருக்கும் கிட்ஹப் தளத்தில் அவருடைய கமிட்டுகள் (பதிவு செய்த மாற்றங்கள்) இருக்கும். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் ஃபெட்ச் கட்டளையில் பிராஞ்ச் (வேலை நடக்கும் தனிக் கிளை) பெயருக்குப் பதிலாக புல், சாய்கோடு, 412, சாய்கோடு, ஹெட் என்று கொடுத்தால் அவை உங்கள் கணினிக்கு வந்துவிடும். பிறகு மெயின் (திட்டத்தின் முதன்மைக் கிளை) மீது ரீபேஸ் செய்யுங்கள், அதாவது இன்றைய நிரலின் மேல் மறுபடி அடுக்குங்கள். ஒரே முரண்பாடு (இரு பக்கமும் ஒரே வரியை மாற்றிய இடம்) திரும்பத் திரும்ப வரும் என்பதால், தொடங்கும் முன் கிட் ரீரீரீ அமைப்பை இயக்கி வையுங்கள். ஒருமுறை தீர்த்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

ரீபேஸிலும் செர்ரி பிக்கிலும் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்ப்பது) எழுதியவர் பெயர் கமிட்டில் அப்படியே நிற்கும். கோப்பைத் திறந்து வரிகளை நகலெடுத்து ஒட்டினால் பெயர் போய்விடும். அது ஒருவர் உழைப்பை அழிப்பது, செய்யவே கூடாது. நகலெடுத்தே ஆக வேண்டிய இடத்தில் கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆதர்ட்-பை" வரியைச் சேர்த்து, அவர் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலைப் போடுங்கள். திட்டம் "சைன்ட்-ஆஃப்-பை" வரியை (இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) கேட்டால் பழைய கமிட்டுகளில் அந்த வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அவர் சார்பில் நீங்கள் கையெழுத்திட முடியாது. மெர்ஜ் செய்யும் (மெயினில் இணைக்கும்) நாளில் இதைக் கண்டுபிடித்தால் எல்லாம் மறுபடி நின்றுவிடும்.

மீட்ட பிறகு ஒரு மாலை உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். ஓடுவது எது, உடைந்தது எது, தொடவே இல்லாதது எது என்று பிரித்து ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இனி வருகிறவர் 2,300 வரியைப் படிக்க வேண்டியதில்லை, இந்த ஒரு பக்கம் போதும்.

தொங்கும் முடிவுகள்

புதியவர் கோடு (நிரல்) எழுத வருகிறார். பழைய வாக்குவாதத்தில் பக்கம் எடுக்க அவரால் முடியாது. அதனால் அழைப்புக்கு முன்பே முடிவெடுக்க வேண்டியவற்றை முடித்துவிடுங்கள். எந்த எழுத்துரு? நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அதன் ஓஎஃப்எல் (திறந்த எழுத்துரு) உரிமம் மென்பொருளோடு சேர்த்துத் தர அனுமதிக்கிறது. எந்தத் தாள் அளவு? 58 மிமீ, 80 மிமீ இரண்டும். தொகைக்கு எந்த எண் வடிவம்? 1,00,000 என்ற நம் முறைதான், எண்கள் தமிழ் எண்ணுருவில் வேண்டாம். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் ஒரு வரி. எல்லோரும் ஒத்துவராவிட்டால் மெயின்டெய்னர் ஒரு தேதி குறித்து அன்று தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். சுமாரான முடிவோடு வேலை நடக்கும், முடிவே இல்லாமல் நடக்காது.

வேலையைப் பிரிப்பது

வழிகாட்டியின் மையம் இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

தமிழ் பில்லில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் வெட்ட முடியும். சாதாரண தெர்மல் பிரின்டர்கள் ஈஎஸ்சி/போஸ் என்ற பில் பிரின்டர் கட்டளைகளில் ஓடுகின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துத் தொகுப்பு கிடையாது. உரையை அனுப்பினால் கேள்விக்குறியோ கிறுக்கலோதான் வரும். எனவே பில்லைப் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி அனுப்ப வேண்டும். 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரின்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 58 மிமீ தாளில் அச்சாகும் அகலம் 48 மிமீ, அதாவது 384 புள்ளி. 80 மிமீ தாளில் 72 மிமீ, 576 புள்ளி. ஒரு பைட்டில் 8 புள்ளி என்பதால் வரிசைக்கு முறையே 48, 72 பைட்.

இதைப் பார்த்ததுமே வெட்ட வேண்டிய கோடு தெரிகிறது: உரையிலிருந்து படம் வரை ஒரு பக்கம், படத்திலிருந்து பிரின்டர் வரை மறுபக்கம். முதல் பக்கத்துக்கு பிரின்டரே தேவையில்லை. வெளியீட்டை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும் ஒரு போலி பிரின்டரை முதலில் எழுதி மெர்ஜ் செய்துவிடுங்கள். அனுபவம் உள்ளவருக்கு 4 மணி நேர வேலை. அதன் பிறகு, பிரின்டர் வைத்திருக்கும் மூன்று பேர் மட்டும் செய்ய முடிந்த வேலையை லேப்டாப் வைத்திருக்கும் எவரும் செய்யலாம். எந்தத் திட்டமானாலும் இப்படி ஒரு கோடு இருக்கும். கருவி, கட்டண ஏபிஐ (வெளிச் சேவையோடு நிரல் பேசும் வழி), உள் சர்வர் என எது ஆளைத் தடுக்கிறதோ அதற்கு ஒரு போலி எழுதுவதே முதல் துண்டு.

மற்ற துண்டுகள் இப்படி அமையலாம்:

எழுத்துக் கோப்பு (2 மணி நேரம், கோடு எழுதத் தெரிய வேண்டாம்). சோதிக்க வேண்டிய 60 சொற்களின் பட்டியல். "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் உள்ளிடலாம். இரண்டும் ஒரே மாதிரி அச்சாக வேண்டும். "ஸ்ரீ" இரண்டு விதமாக உள்ளிடப்படுகிறது. "ஔ" இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று தட்டுகிறவர்கள் நிறைய. கடைப்பெயர்களில் இவை எல்லாம் வரும்.

வடிவமைப்பு (6 மணி). படம் வரையும் பைத்தான் நூலகமான பில்லோவில் (Pillow) தமிழ் சரியாக வர, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் அமைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். விண்டோஸில், ராக்ம் நம்பியிருக்கும் ஃப்ரிபிடி கோப்பைத் தனியாக வைக்காவிட்டால் ராக்ம் இயங்காது. லினக்ஸில் சரியாக வந்தது விண்டோஸில் உடையும்போது பலர் எழுத்துருவைச் சந்தேகித்து நாளை வீணாக்குவது இங்கேதான். இயங்குகிறதா என்று தொடக்கத்திலேயே சோதித்து, இல்லை என்றால் தெளிவான பிழைச் செய்தி தருவதும் இந்தத் துண்டில் அடங்கும்.

பத்தி ஒழுங்கு (5 மணி). பொருள், அளவு, விலை, தொகை நேராக நிற்க வேண்டும். எழுத்தை எண்ணி இடைவெளி போட்டால் நிற்காது. "கோயம்புத்தூர்" நம் கண்ணுக்கு 7 எழுத்து, யூனிகோடில் 13 குறியீடு, யுடிஎஃப்-8இல் 39 பைட். மூன்றையும் நம்பாமல் புள்ளி அகலத்தை அளந்து வைக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளையாக்கல் (3 மணி). சிறிய அளவில் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். தடித்த எழுத்துருவும், எவ்வளவு கருமைக்கு மேல் கறுப்பு என்ற சரியான வெட்டு அளவும் தேட வேண்டும்.

பிரின்டருக்கு அனுப்புதல் (5 மணி, பிரின்டர் வேண்டும்). நீளமான பில்லை ஒரே படமாக அனுப்பினால் மலிவான பிரின்டர்களில் இடைநினைவகம் நிரம்பி நடுவில் குப்பை அச்சாகும். 24 வரிசைப் பட்டைகளாக வெட்டினால் 58 மிமீ தாளுக்குப் பட்டைக்கு 1,152 பைட்தான்.

சொற்கள் (2 மணி, கோடு வேண்டாம்). "குவான்டிட்டி" என்பதற்குக் கடைக்காரர் சொல்வது என்ன? மஞ்சள் கடைக்கு விரலி, கிழங்கு, மூட்டை, குவிண்டால். இதை அகராதி பார்த்து எழுதக்கூடாது, கடையில் பில் போடுகிறவரைக் கேட்க வேண்டும்.

எந்தத் துண்டும் 6 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வார இறுதியில் கிடைப்பது அவ்வளவுதான். எல்லாத் துண்டும் "தமிழ் பில்" என்ற ஒரு சுவிட்சுக்குப் பின்னால் மெயினிலேயே சேர வேண்டும், சுவிட்ச் இயல்பில் அணைந்திருக்கும். தனிப் பிராஞ்சில் சேர்த்து வைத்துக் கடைசியில் மொத்தமாக இணைப்போம் என்ற யோசனை நல்லதாகத் தோன்றும். மூன்று வாரம் தாண்டினால் அந்தப் பிராஞ்சே அடுத்த 412 ஆகிவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சலான்

ஒரு தாய் இஷ்யூ (திட்டத் தளத்தில் ஒரு வேலைக்கான பதிவு), அதில் எல்லாத் துண்டுக்கும் டிக் போடும் பட்டியல். ஒவ்வொரு துண்டுக்கும் தனி இஷ்யூ. அதில் இருக்க வேண்டியவை: எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், படத்தோடு, முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது, எந்தச் சோதனையை ஓட்டுவது, எத்தனை மணி நேரம் ஆகலாம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. கடைசி வரியில் "எல்லோரையும் கேளுங்கள்" என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு பெயர் வேண்டும்.

விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டே வராமல் போகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தமிழில் கேட்கலாம் என்று எழுதி வைப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

எளியவற்றுக்கு "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" லேபிள் போடுங்கள், கிட்ஹப் அவற்றைத் தனிப் பக்கத்தில் திரட்டிக் காட்டும். கடினமானதற்கு அந்த லேபிளைப் போட்டு ஏமாற்ற வேண்டாம்.

முதல் அரை மணி

திட்டத்தைத் தெரியாத ஒருவரை, 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்போடு உட்காரவைத்து, ரீட்மி கோப்பை (நிறுவும் முறை எழுதிய அறிமுகக் கோப்பு) மட்டும் பார்த்து நிறுவச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் தயங்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துத் திருத்துங்கள். 30 நிமிடத்துக்குள் சோதனைகள் ஓட வேண்டும். அதற்கு மேல் போனால் வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லாமலே போய்விடுவார்கள்.

ஆளை எங்கே தேடுவது

முதலில் பயனர்களிடம். தமிழ் பில் எப்போது வரும் என்று இஷ்யூவில் கேட்டவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, ஒரு குறிப்பிட்ட துண்டோடு அழையுங்கள். "யாராவது உதவுங்கள்" என்ற பொது அழைப்பைவிட "உங்களிடம் 80 மிமீ பிரின்டர் இருக்கிறதுங்களா, இந்தக் கோப்பை அடித்துப் படம் எடுத்து அனுப்புவீங்களா" என்ற கேள்விக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். பிரின்டர் விற்கிற, பழுது பார்க்கிற கடைகளையும் விடாதீர்கள். ஐந்தாறு மாடல்கள் ஒரே மேசையில் கிடைப்பது அங்கேதான்.

அடுத்து கல்லூரிகள். கோவை, பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு என்று பொறியியல் கல்லூரிகளுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் காலம் பார்த்துப் போங்கள். தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மேயிலும் வரும். ஆகஸ்டு, செப்டம்பரிலும் பொங்கல் முடிந்த கையோடும் அழைத்தால் வேலை நடக்கும். மாணவர்கள் எடுத்த துண்டு தேர்வுக்கு முன் முடியும்படி தேதி வையுங்கள். இறுதியாண்டு புராஜெக்டாக முழு வசதியையும் ஒரு குழுவிடம் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மதிப்பெண் வந்ததும் குழு கலைந்துவிடும், மறுபடி பாதியில் நிற்கும்.

பரிசுக்காக ஆள் வருவதிலும் கவனம் தேவை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கிய, அக்டோபரில் பங்களித்தவர்களுக்குப் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020இல் டி-சர்ட்டுக்காகப் பொருளற்ற புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிந்தன. விரும்பும் திட்டங்கள் மட்டுமே சேரும்படி நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

முதல் சுற்றுக்கு 4 முதல் 6 பேர் போதும். இருபது பேர் வந்தால் ரிவ்யூ செய்கிறவர் ஒரே வாரத்தில் களைத்துப்போவார்.

ஒரு ஞாயிறு சேர்ந்து உட்காருவது

தொலைவிலிருந்தே எல்லாம் நடக்கும் என்றாலும், ஒரு நாள் நேரில் உட்கார்ந்தால் மூன்று வாரச் சந்தேகங்கள் தீரும். கோவை, ஈரோடு, திருப்பூர் ஆட்களுக்குத் திருப்பூர்ப் பக்கம் தோதான நடு இடம். சனிக்கிழமை வைத்தால் அந்தப் பகுதித் துணைமின் நிலையத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஹாட்ஸ்பாட்டில் ஆறு பேர் சார்பு நூலகங்களை இறக்கினால் காலை முழுவதும் அதிலேயே போகும். கிட் பண்டில் கட்டளையால் முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாக்கி, பைத்தான் வீல் கோப்புகளோடு (நூலகங்களின் நிறுவல் பொதிகள்) இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். இரண்டு பிரின்டர், ஆறு தாள் ரோல், நீட்டிப்பு ஒயர் இரண்டு. காலை 10 மணிக்குத் துண்டுகளைப் பிரித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் முதல் கமிட்டைத் தள்ளிவிட வேண்டும், அரைகுறையாக இருந்தாலும் டிராஃப்டாக. 4 மணிக்குப் புது வேலை எடுக்க வேண்டாம். மீதி நேரம் ரிவ்யூவுக்கும், முடியாததை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைப்பதற்கும்.

வந்தவர் தங்க

முதல் பதில் 48 மணி நேரத்துக்குள். முழு ரிவ்யூ முடியாவிட்டாலும் "பார்த்துட்டேனுங்க, வியாழக்கிழமை முழுசா பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன வியாழனைத் தவறவிடாதீர்கள். முதன்முறை பங்களிப்பவரின் தானியங்கிச் சோதனைகள் கிட்ஹப்பில் மெயின்டெய்னர் அனுமதித்தால்தான் ஓடும். அந்தப் பொத்தானை அழுத்த மறந்ததால் மட்டும் பல நாள் கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் உண்டு. தினமும் ஒருமுறை பாருங்கள்.

இடைவெளி, பெயரிடல் போன்ற சில்லறைத் திருத்தங்களை லின்டரிடம் (நிரல் நடையைத் தானே சரிபார்க்கும் கருவி) விடுங்கள், அல்லது நீங்களே திருத்திச் சேருங்கள். ஒரு புதியவரை நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பினால் ஐந்தாவது முறை அவர் வரமாட்டார்.

"நான் செய்கிறேன்" என்று துண்டை எடுத்துவிட்டு அசையாதவர்கள் இருப்பார்கள். 10 நாள் விதியை முன்பே எழுதி வையுங்கள். ஏழாம் நாள் ஒரு விசாரிப்பு, பத்தாம் நாள் துண்டு பொதுவுக்குத் திரும்பும், மறுபடி எடுக்கத் தடையில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஏஐ எழுதித் தந்த கோடு வந்தால், போலி பிரின்டரில் ஓட்டிய பிஎன்ஜியை இணைக்கச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்காமல் அனுப்பியவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசி இழுப்பு

எல்லா டிக்கும் விழுந்த பிறகும் வசதி நிற்கக்கூடிய ஓர் இடம் உண்டு. இயல்பில் அணைந்த சுவிட்சை யார் போடுவது? அதையும் தேதியோடு ஒரு துண்டாகத் தாய் இஷ்யூவில் முதல் நாளே சேருங்கள். மூன்று கடைகளில் இரண்டு வாரம் ஓட வேண்டும், தினமும் கடை மூடும்போது ஒரு பில்லின் படம் வர வேண்டும். மூன்றிலும் கிழியாமல், நகராமல், எழுத்து சிதையாமல் வந்தால் சுவிட்ச் போடப்படும்.

வெளியீட்டுக் குறிப்பில் சொற்பட்டியல் கொடுத்த கடைக்காரர், தாள் ரோல் தீரும் வரை அடித்துப் பார்த்தவர் என எல்லோர் பெயரும் அவர்கள் சம்மதத்தோடு வரட்டும். 412ஐத் தொடங்கியவர் பெயர் முதலில். பழைய புல் ரிக்வெஸ்ட்டை மூடும்போது அவர் வரைந்த முதல் பில்லின் படத்தையும் இப்போது கடையில் அச்சாகும் பில்லின் படத்தையும் அடுத்தடுத்து ஒட்டிவிட்டு மூடுங்கள்.